நாவூறு கழித்த மைக்

மண்டூருக்குப் படகேறும் துறைக்குப் பக்கத்தில், வாவிக்கரைக் கொட்டில் ஒன்றில் ஓசைச் சாமி அருள்பாலித்துக்கொண்டிருந்தார். மாங்கேணியிலிருந்து வந்தவனும் வரிசையில் நின்றான். காத்தான்குடியிலிருந்து வந்தவனும் நின்றான். ஆளுக்கொரு மைக் கையில். சாமிக்குச் சமய பேதம் கிடையாது. ஒருவனுக்குத் திருநீறு, மற்றவனுக்குப் பன்னீர். வாங்குகிற கை மட்டும் ஒரே கை.

சாமியின் சரக்கு இதுதான்: பதிந்த பாட்டு இரைகிறதா, கீறுகிறதா, மைக்குக்கு நாவூறு, அதாவது கண்ணூறு, பட்டிருக்கிறது. கழித்தால் சரி. மனிதனுக்குப் பட்டு, மாட்டுக்குப் பட்டு, வேளாண்மைக்குப் பட்ட நாவூறு இப்போது மைக் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. முன்னேற்றம்தானே.

களுவாஞ்சிக்குடி ஜெயந்தனும் வரிசையில் நின்றான். கிற்றார்காரன். காலடியில் கிற்றார் ஒலியைப் பெருக்கும் முழங்கால் உயர ஸ்பீக்கர் பெட்டி, அம்ப். கத்தாரில் மூன்று வருடம் வெயில் குடித்து வாங்கியது. சனிக்கிழமைக்குள் ஒரு பாட்டைப் பதிந்து அனுப்பினால்தான் அவன் குழுவுக்குக் கொழும்பு மேடை. பதிந்ததெல்லாம் தகரத்தைக் கல்லில் தேய்த்தது போல் இருந்தது. திருவிழாவில் அறிவிப்புச் செய்கிறவர்கள் மைக்கைத் தின்னுமாப்போல் வாயில் வைத்துப் பேசுவதைப் பார்த்து வளர்ந்தவன் அவன். அம்புக்கும் அதே மரியாதை செய்தான்: ஸ்பீக்கரின் நட்டநடுவில் மைக்கை முட்டி வைத்தான். அது அலறாமல் தாலாட்டா பாடும்?

மனைவி தனுஷாவும் கூட வந்திருந்தாள். போன் திருத்தும் கடை வைத்திருப்பவள். சாமியைப் பார்க்க வரவில்லை. அம்பைப் பார்த்துக்கொள்ள வந்தாள். காரணம் இருந்தது. பெரிய தோசம் என்று சாமி சொன்ன நான்கு அம்புகள் இதுவரை அந்தக் கொட்டிலில் தங்கின. ஒன்றும் வீடு திரும்பவில்லை. வாவியில் கரைத்துவிட்டாராம்.

முறை வந்தது. சாமி மைக்கை ஸ்பீக்கரின் நடுவில் முட்டி வைத்து நோய் பார்த்தார். ஜெயந்தன் கம்பியைத் தட்டினான். பதிந்ததைப் போட்டதும் வரிசையே காதைப் பொத்தியது. பிறகு செத்தல் மிளகாய், உப்பு, கற்பூரம். மைக்கை ஸ்டாண்டோடு தூக்கி, அம்பை மூன்று சுற்றுச் சுற்றி, கண்ணை மூடிக் கீழே வைத்தார். மறுபடி பதிந்தார்கள். தேன்.

கூட்டம் கைகூப்பியது. ஜெயந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இது மூணு நாளைக்குத்தான் தாங்கும்," என்றார் சாமி. "வேர் அம்புக்குள்ள இருக்கு மனே. விட்டுட்டுப் போ. வாவியில கரைச்சாத்தான் குடும்பத்துக்கு நல்லம்."

மூன்று வருட வெயிலையும் கொடுத்துவிட ஜெயந்தன் தலையாட்டப் போனான். தனுஷா முந்திக்கொண்டாள்.

"சாமி, வலையில இறால் வருது, நண்டு வருது. நீங்க கரைச்ச அம்பில ஒண்டுகூட ஆர்ர வலையிலயும் வரல்லையே கா."

நாலு பேர் சிரித்தார்கள். நாக்கில் புண் வரும் என்று சாமி சபித்தார். வந்தால் மருந்து போடலாம் என்று சொல்லிவிட்டு, வரிசை இலக்கம் எழுதும் வெண்கட்டியை அவள் எடுத்தாள். தேனாய்ப் பதிந்தபோது ஸ்டாண்ட் நின்ற இடத்தில் ஒரு வட்டம் கீறினாள். முதலில் அலறிய இடத்துக்கு அதை நகர்த்தி அங்கேயும் ஒரு வட்டம் கீறினாள்.

"மறுகாவும் கழிங்க. எத்தினை சுத்தெண்டாலும் சுத்துங்க. ஆனா இந்த ரெண்டாவது வட்டத்துக்குள்ளயே வைக்க வேணும்."

கூட்டத்துக்கும் ஆசை வந்துவிட்டது. தப்ப வழியில்லை. சாமி ஏழு சுற்றுச் சுற்றினார். மிளகாய் இரண்டு பிடி. வட்டத்துக்குள் வைத்தார். தகரம்.

தனுஷா மந்திரம் சொல்லவில்லை. ஸ்டாண்டைத் தூக்கி மற்ற வட்டத்தில் வைத்தாள்: ஒரு சாண் பின்னால், நடுவை விட்டு நாலு விரல் பக்கமாக. தேன்.

வரிசையில் நின்ற காத்தான்குடி இல்ஹாம், ஓட்டோவில் மீன் கூவி விற்கிறவன், தன் தடித்த மைக்கை நீட்டினான். அதைச் செருகிப் பதிந்தார்கள். இன்னும் நன்றாக இருந்தது.

"ஊசி விழுந்தாலும் கேக்கிற இவர்ர மைக்குக்கு இந்த இடியை விழுங்க ஒண்ணா," என்றாள் தனுஷா. "கூவிப் பழகினது தாங்கும்."

"அப்ப எனக்குத் தெளிச்ச பன்னீர்?" என்றான் இல்ஹாம்.

"சட்டைக்கு வாசம்."

கொட்டிலின் பின்னால் போய்ப் பார்த்தார்கள். படங்கு விரிப்புக்குக் கீழே, வாவியில் கரைந்த நான்கு அம்புகளும் ஈரமே படாமல் இருந்தன. ஒவ்வொன்றிலும் வாங்கப் போகிறவன் பெயர் ஒட்டியிருந்தது. சாமியைத் தேடினால், அவர் படகில் பாதி வாவி தாண்டியிருந்தார். மைக் இல்லாமலே அவர் போட்ட சத்தம் கரை வரைக்கும் கேட்டது.

ஜெயந்தன் அம்பைத் தோளில் ஏற்றினான். பெண்சாதியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அப்போது ஒருவர் பவ்வியமாகக் கிட்ட வந்து, அந்த வெண்கட்டியில் ஒரு துண்டு கிடைக்குமா, வீட்டு மைக்கில் கட்டிவைக்க, என்று தனுஷாவைக் கேட்டார்.

வெண்கட்டியை முழுதாகவே அவர் கையில் வைத்தாள் தனுஷா.

"மைக்கை எங்க வைக்கிறதெண்டு கண்டுபிடிச்சாச்சு ஐயா," என்றாள். "ரெண்டு காதுக்கும் நடுவில இருந்ததை எங்க வைச்சீங்க? அதைச் சுத்தி ஒரு வட்டம் கீறுங்க. மறுகா ஆரும் தூக்கிட்டுப் போகாம இருக்கட்டும்."