ஐந்து முள் கேப்டன்

வாழ்நாளில் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறாத மனிதருக்கு விமானியின் கடிகாரம் எதற்கு?

எதற்கு என்று கேட்க ஆரம்பித்தால் கடைவீதியில் பாதிக் கடைகளை மூட வேண்டியிருக்கும். தெரியும். ஆனாலும் இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும், ஏனென்றால் இந்த இனம் பெருகிக்கொண்டே வருகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். வலது கைச் சட்டை மணிக்கட்டுவரை ஒழுங்காகப் பொத்தான் போட்டிருக்கும். இடது கை மட்டும் பாத்திரம் தேய்க்கப் போகிறவர் போல முழங்கைவரை சுருட்டியிருக்கும். அங்கே சோப்பு டப்பா அகலத்துக்கு ஒரு கறுப்பு முகம், அதைச் சுற்றி ஒரு வளையம், அந்த வளையத்துக்குள் இன்னொரு வளையம், எறும்பு வரிசையாய் எண்கள், போதாததற்கு ஐந்து முட்கள். இவர்தான் விமானிக் கடிகாரக்காரர். இவரிடம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள். மணி மட்டும் கேட்காதீர்கள்.

கேட்டால்? கையைத் தூக்குவார். வெளிச்சத்துக்குச் சாய்ப்பார். "இந்தத் திருகு ஏன் இவ்வளவு பெருசுன்னு தெரியுமா? அந்தக் காலத்து பைலட் கையுறையைக் கழட்டாமலே திருகணும்" என்று தொடங்கி, கண்ணாடியின் கனம், தோல் வாரில் அடித்த ஆணி, இருட்டில் ஒளிரும் பூச்சு என்று ஒவ்வொன்றாக இறங்கி வருவார். நீங்கள் மணி கேட்டதே பஸ்ஸைப் பிடிக்கத்தான். பஸ் போயிருக்கும்.

இந்த இனத்தில் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அலுவலகத்தில் அவருக்குக் கேப்டன் என்று பெயர். வைத்தவர்கள் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவர் பட்டமாக ஏற்றுக்கொண்டார். வேலை பார்ப்பது குழாய்களும் கைகழுவும் தொட்டிகளும் கழிப்பறைப் பீங்கான்களும் கூரைவரை அடுக்கிய ஒரு கிடங்கில். ஜன்னல் கிடையாது. அங்கே அதிகபட்சம் உயர்ந்து போகக்கூடியது சரக்கு லிஃப்ட். அதிலும் கேப்டன் ஏறமாட்டார், படியில்தான் போவார்.

ஆனால் கையில் இருப்பது மேகங்களுக்கு மேலே போகிறவர்களுக்காகச் செய்தது. லாரி டிரைவர் சரக்கு ஏற்ற வந்தால், "இப்ப எத்தனை டன் ஏத்தறே?" என்று கேட்டு, விமானிகள் எரிபொருள் கணக்குப் போடுவதற்காக வைத்த வெளிவளையத்தைத் திருப்பி, எண்ணோடு எண்ணைப் பொருத்தி, டீசல் எவ்வளவு குடிக்கும் என்று கணக்குச் சொல்வார். டிரைவர் அதைக் கேட்டுக்கொண்டே தன் போக்கில் டீசல் போட்டுக்கொள்வார். வீட்டிலும் அதே வளையம்தான். சமையல் வாயு சிலிண்டர் என்றைக்குத் தீரும் என்று திருப்பிப் பார்த்து மனைவியிடம் அறிவிப்பார். அவர் சொன்ன நாளுக்கு முன்பே, பாதிச் சமையலில், அடுப்பு அணைந்துவிடும்.

"என்னங்க, இன்னும் நாலு நாள் வரும்னீங்க?"

"எதிர்க்காத்து இருந்திருக்கும்" என்பார் கேப்டன். சிரிக்கமாட்டார்.

அந்த மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆயத்த ஆடைக் கடையில் துணி திருத்தும் வேலை அவளுக்கு. வாங்கியவர் உடம்புக்கு ஏற்றபடி பிடித்தும் தளர்த்தும் தைத்துக் கொடுப்பாள். உடம்புக்குப் பொருந்தாததை வாங்கிவிட்டு அழுகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள். அதனால் கணவரை அவள் அதிகம் கண்டித்ததில்லை. வீட்டுக் கூடத்தில் இருந்த சுவர்க் கடிகாரத்தை, "பேட்டரியில ஓடுறதெல்லாம் கடிகாரமே இல்ல, அதுக்கு உயிர் கிடையாது" என்று அவர் கழற்றி யாருக்கோ கொடுத்தபோதும் பேசாமல் இருந்தாள். அதற்குப் பிறகு தெருமுனைப் பள்ளிக்கூட மணியை வைத்துத்தான் உலை வைத்தாள். உயிருள்ள கடிகாரங்களோ அலமாரியில் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. கையில் கட்டி ஆட்டினால்தான் அவை ஓடும். கழற்றி வைத்தால் ஓரிரு நாளில் நின்றுவிடும். ஆகவே ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மணி. உயிருக்கு அதுதான் இலக்கணம் போலிருக்கிறது.

காலையில் ஒரு சடங்கு உண்டு. வானொலியில் நேரம் சொல்லும் வேளைக்குக் கேப்டன் கடிகாரத்தின் திருகை வெளியே இழுத்துப் பிடிப்பார். நொடி முள் அப்படியே நின்றுவிடும். வானொலி சொன்ன அந்தக் கணத்தில் உள்ளே அழுத்துவார். அதுவரை வீட்டில் மூச்சுக் காட்டக் கூடாது. குக்கர் விசில் அடித்தால் குற்றம். "ஒரு நொடி பிசகினா பைலட் எங்க போய் நிப்பான் தெரியுமா?" என்பார். கேப்டன் எங்கே போய் நிற்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். கிடங்கில், பீங்கான்களுக்கு நடுவே, தினமும் கால்மணி தாமதமாக.

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த இனம் ஒன்றுகூடும். ஒரு பேக்கரியின் மூலை மேசை. பல் டாக்டர் ஒருவர், இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர், வீட்டுமனை விற்பவர் ஒருவர், கேப்டன். வந்ததும் பலகாரத் தட்டைத் தள்ளிவிட்டு நான்கு இடது கைகளையும் மேசைமேல் வைப்பார்கள். நாடி பார்க்க யாரும் வரமாட்டார்கள், அவர்களே ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். நால்வரில் ஒருவருக்கும் விமானம் ஓட்டத் தெரியாது. பல் டாக்டர் ஒருமுறை ஜன்னல் சீட்டில் போய் வந்தவர். அதனால் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

இதெல்லாம் யாருக்கும் கெடுதல் இல்லாத பைத்தியம்தானே என்று நீங்கள் நினைக்கலாம். கேப்டனின் மனைவியும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அவர்களுக்கு ஒரே மகள், வெளிநாட்டில் இருக்கிறாள். மருமகனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி கடலில். முதல் பிரசவத்துக்கு ஆபரேஷன்தான் என்று சொல்லி டாக்டர்கள் நாள் குறித்துவிட்டார்கள். அந்த நாளில் மருமகன் நடுக்கடலில் இருப்பான்.

"அம்மா, நீ பக்கத்துல இருந்தா போதும்மா. ரெண்டு வாரம் முன்னாடியே வந்துடுங்க. அப்பாகிட்ட சொல்லு" என்றாள் மகள்.

மனைவி கேப்டனிடம் சொன்னாள். கிடங்கில் ஸ்டாக் கணக்கு எடுக்கும் நேரம் என்றார்.

"கக்கூஸ் தொட்டியை யாரும் தூக்கிட்டுப் போயிடமாட்டாங்க."

"அதுக்கில்லடி. மேல காத்தழுத்தம் வேற மாதிரி இருக்கும். இந்தக் கண்ணாடி…"

"எவ்வளவு உயரம் போனாலும் கண்ணாடி அசையாதுன்னு போன வாரம்தான் பால்காரர்கிட்ட சொன்னீங்க."

கடிகாரம் தாங்கும், ஆள்தான் சந்தேகம் என்பது அவளுக்கு அன்றைக்குப் புரிந்தது. ஆனாலும் ஒற்றையாகப் போக அவளுக்குத் துணிச்சல் இல்லை. அவளும் விமானம் ஏறியவள் அல்லவே. கேப்டன் ஒரு காரணத்துக்கு மேல் ஒரு காரணமாகத் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் ஆபரேஷனுக்கு முந்தின நாள் போய்ச் சேரும்படி டிக்கெட் போட்டார்கள்.

விமான நிலையத்துக்குச் சீக்கிரமே வந்துவிட்டார்கள். பரிசோதனை எல்லாம் முடிந்து, கண்ணாடிச் சுவரோரம், கூட்டத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் கேப்டன். அங்கிருந்துதான் விமானங்கள் நன்றாகத் தெரிந்தன. மூட்டை கட்டிய அலுப்பில் அவளுக்குக் கண் சொருகியது.

"கொஞ்சம் அசந்துக்கறேன். கூப்பிடும்போது எழுப்புங்க."

"நீ தூங்கு. நான் இருக்கேன்ல" என்று அவர் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார்.

இத்தனை வருஷமாகக் கையிலே உட்கார்ந்து தின்றது, இன்றைக்காவது ஒரு வேலை செய்யட்டும் என்று நினைத்துக்கொண்டே அவள் தூங்கிப்போனாள்.

கேப்டனுக்குப் பல் டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. விஷயம் தெரிந்தவர்கள் ஏறுவதற்கு முன்பே போகிற ஊரின் நேரத்துக்கு மாறிவிடுவார்களாம். திருகை இழுத்தார். பெரிய முட்களை மகள் ஊரின் நேரத்துக்கு வைத்தார்; அது இங்கே இருப்பதைவிடப் பல மணி பின்னால். இந்த ஊரின் நேரத்தை நான்காவது முள்ளிடம் ஒப்படைத்தார். எவ்வளவு நேர்த்தியான வேலை! ரசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற ஒருவர் தற்செயலாக அந்தக் கையைப் பார்த்துவிட்டார். பாவம். பிறகு திருகு, கையுறை, தோல் வார், ஆணி. அதன் பிறகு கண்ணாடிக்கு வெளியே நின்ற விமானத்தின் சக்கரங்கள். நடுவில் ஒரு தடவை மணி பார்த்தார். பெரிய முட்களைத்தான் பார்த்தார். நிறைய நேரம் இருந்தது. சட்டைப் பையில் போன் இருந்தது. ஆனால் பேட்டரியில் ஓடும் எதிலும் மணி பார்ப்பதில்லை என்பது கொள்கை.

கூடத்தைத் துடைக்க வந்த அம்மாளின் துடைப்பம் காலில் இடித்து மனைவி விழித்தாள்.

"மணி என்னங்க?"

"இன்னும் எவ்வளவோ இருக்கு. இங்க வா, இதைப் பாரு. அந்த ப்ளேனை எவ்வளவு அழகா பின்னால தள்ளித் திருப்பறாங்க பாரு."

அழகாகத்தான் இருந்தது. வாலில் இருந்த நிறத்தையும் தன் கையிலிருந்த சீட்டின் நிறத்தையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள்.

"நம்மளது மாதிரி இருக்கே."

"அந்தக் கம்பெனிக்கு நூறு ப்ளேன் இருக்கும்."

"எந்த ஊரும்மா உங்களுக்கு?" என்று கேட்டாள் துடைக்கும் அம்மாள். மனைவி சொன்னாள். "அய்யய்யோ, அதானே போயிட்டிருக்கு! உங்களைத்தானா அப்படிப் பேர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாங்க?"

விமானக் கம்பெனி மேசையில் இருந்த பெண் கனிவாகத்தான் சொன்னாள்: "அடுத்தது நாளைக்குத்தான் மேடம். இதே நேரம்."

நாளைக்கு. மகளை ஆபரேஷனுக்கு அழைத்துப் போகும்போது இவர்கள் வானத்தில் இருப்பார்கள்.

கேப்டன் தன் மணிக்கட்டைப் பார்த்தார். நான்காவது முள்ளைப் பார்த்தார். "பல் டாக்டர் என்ன சொன்னாருன்னா…" என்று ஆரம்பித்தார்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "உங்க கையில அஞ்சு முள்ளு இருக்கு. என் பொண்ணு பக்கத்துல ஒரு ஆள் இல்ல."

கேப்டன் திருகை வெளியே இழுத்தார். நொடி முள் நின்றது. நேரத்தைத் திருத்தப் போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் திருத்தவில்லை. இழுத்தது இழுத்தபடியே விட்டுவிட்டார்.

மறுநாள் ஏறினார்கள். கிளம்பும்போது அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். அவள் அதை உருவிக்கொள்ளவில்லை. அவர் பக்கம் திரும்பவும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பேத்தி பிறந்திருந்தாள். மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருந்துச்சும்மா" என்றாள். அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. நர்ஸ் குழந்தையை அவரிடம் நீட்டினாள். வாங்குவதற்கு முன் அவர் திருகை உள்ளே அழுத்தினார். நின்ற இடத்திலிருந்து முள் நகர்ந்தது. அதன் பிறகுதான் இரண்டு கைகளையும் நீட்டினார்.

ஊர் திரும்பினார்கள். மனைவி பேட்டரியில் ஓடும் சுவர்க் கடிகாரம் ஒன்று வாங்கி வந்தாள். கேப்டனே ஆணி அடித்து மாட்டினார். மனுஷன் திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். போன வாரம் இன்னொன்று வாங்கினார். அதற்கு முட்கள் ஆறு. காலையில் வானொலிக்கு முன்னால் அதை வைத்து அதே சடங்கு நடக்கிறது, குக்கருக்கு அதே தடை.

நீங்கள் இவர் இல்லை. உங்கள் கையில் கடிகாரமே இல்லை. நல்லது. கட்டிலுக்கு அடியில் இருக்கும் மலையேறும் பூட்ஸ் எந்த மலையைப் பார்த்தது? முதல் அத்தியாயத்திலேயே பக்க அடையாளத்துக்கு அட்டை செருகிய அந்தத் தடித்த தத்துவப் புத்தகத்தை வருகிறவர்கள் கண்ணில் படும்படி வைத்தது யார்? அதை நீங்கள் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தபோது, உங்கள் பெயரைச் சொல்லிச் சொல்லி யாராவது கூப்பிட்டார்களா?

கேப்டன் புதிதாக வாங்கியது சடங்கு முடிந்ததும் பெட்டிக்குள் போய்விடுகிறது. கையில் இருப்பது பழையது. ஆஸ்பத்திரியில் திருகை அழுத்தியதோடு சரி, அதை அவர் திருத்தவே இல்லை; அது இப்போது எந்த ஊர் நேரத்தையும் காட்டுவதில்லை. அதில் தேதி ஒரு நாள் பின்னால் நிற்கிறது. "கேப்டன், தேதி தப்பா இருக்கே?" என்று லாரி டிரைவர் கேட்டபோது, அவர் சுருட்டியிருந்த சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டார். கழற்றி வைத்தால் நின்றுவிடும், நின்றால் மறுபடி சரியாக வைக்க வேண்டியிருக்கும். அதனால் அவர் அதைத் தூங்கும்போதும் கழற்றுவதில்லை.