மூன்று இனம், எண்பத்து மூன்று கல்

துணி துவைக்கும் மிஷின் கடகடவென்று குதித்துக் குதித்து சமையலறை வாசல் வரை நடந்து வந்தபோதுதான் சர்வேயரின் மனைவிக்குப் பொறுமை போயிற்று. மூடியைத் திறந்தாள். அவருடைய பேண்ட் பைக்குள் முட்டை அளவில் ஒரு கல்.

"இது என்ன கல்லு?"

"கல்லுன்னு சொல்லாதே. பசால்ட். எரிமலைக் குழம்பு ஆறினது. பாறை!"

"பாறைன்னா மிஷினுக்குள்ள எப்படிங்க நுழைஞ்சுது? இந்த மாசத்துக்குள்ள வீட்டுல இருக்கற அத்தனையும் வெளியே போகணும். ஆமா!"

நிலம் அளக்கப் போகும் இடத்திலெல்லாம் ஒன்றைப் பொறுக்கி வருவது சர்வேயரின் இருபது வருஷ வியாதி. செருப்பு அலமாரியில் கல். பீரோவில் புடவைக்கு நடுவே கல். "கல்யாணம்கற வார்த்தையிலேயே முன்னாடி 'கல்' நிக்குது. நான்தான் கவனிக்கலை" என்பாள் அவள்.

சர்வேயர் அன்றே சபதம் எடுத்தார். சும்மா கிடந்தால்தானே குப்பை? இனம் பிரித்து, சீட்டு ஒட்டி, எண் போட்டால் அது சேகரிப்பு. சேகரிப்பை எவளாலாவது தூக்கி எறிய முடியுமா?

கூடம் முழுக்கப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். ஆச்சரியம்! மனைவியும் நோட்டும் பேனாவுமாக எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்."

"எப்படிப் பிறந்துதுன்னு பார்த்துத்தான் பிரிக்கணும். மொத்தம் மூணு இனம். முதல்ல தீப்பாறை. உள்ளே கொதிச்ச குழம்பு ஆறி இறுகினது."

"உங்க அக்கா."

"அடுத்தது படிவுப் பாறை. மணலும் சேறும் மேல மேல படிஞ்சு அப்படியே கெட்டியாயிடும்."

"நீங்க சாப்பிட்டுப் போடற தட்டு."

அவர் பல்லைக் கடித்தார். "மூணாவது உருமாறிய பாறை. சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கித் தாங்கி, பழைய ஆளே தெரியாம மாறிப்போனது. சுண்ணாம்புக்கல் பளிங்காகுதே, அந்த மாதிரி."

"அது யாருன்னு நான் சொல்லணுமா?"

இரண்டு வாரம் நடந்தது வேலை. எது சுண்ணாம்புக்கல், நுரை வருகிறதா என்று பார்க்க வீட்டு வினிகர் முழுவதையும் ஊற்றித் தீர்த்தார். அவள் முகம் சுளிக்கவில்லை. பஞ்சு வாங்கினாள், பெட்டி வாங்கினாள். சர்வேயர் உருகிப்போய் அவளே எதிர்பார்க்காத வேகத்தில் ஒட்டி முடித்தார்.

மறுநாள் காலை வாசலில் ஒரு வேன். பள்ளிக்கூடத் தலைமையாசிரியை கும்பிட்டபடி இறங்கினார்.

"எண்பத்து மூணு பாறையையும் எங்களுக்கே குடுக்கறீங்களே சார்! எவ்வளவு பெரிய மனசு!"

"குடுக்கறேனா?"

"போன வருஷமே கேட்டுப் பார்த்தேன்" என்றாள் மனைவி. "கண்டபடி கிடந்தா வேணாம், இனம் பிரிச்சு சீட்டு ஒட்டினா எடுத்துக்கறோம்னாங்க. யாருக்குங்க அதெல்லாம் தெரியும், உங்களை விட்டா?"

பெட்டிகள் வேனில் ஏறின. தலைமையாசிரியை பட்டியலைச் சரிபார்த்தார்.

"எண்பத்திரண்டுதான் இருக்கு. பட்டியல்ல இருக்கற எரிமலை நுரைக்கல்லைக் காணோமே?"

எல்லோரும் தேடினார்கள். சர்வேயர் மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"எழுந்திருங்க" என்றாள் மனைவி.

எழுந்தார்.

"அப்போ வர்ற சனிக்கிழமையிலேர்ந்து பார்ப்போம் சார்" என்றார் தலைமையாசிரியை, வேனில் ஏறியபடி.

"எதுக்கு?"

"வாராவாரம் வந்து நீங்களே தூசி தட்டறதா எழுதிக் குடுத்திருக்கீங்களே!"

சர்வேயர் அவர் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தார். 'சேகரித்தவர்' என்று நேற்று மனைவி விரல் வைத்துக் காட்டிய இடத்தில், அவரே பெருமையோடு போட்ட கையெழுத்து.