மஞ்சள் போட்டுக் கழுவிய கேவியர்

பெண்ணைப் பெற்றவர் உங்கள் வீட்டுக்கு வந்து ‘தண்ணிகூட வேணாம்’ என்று சொன்னால், பாவம், தாகமில்லை போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு உங்களைப் பிடிக்கவில்லை. எங்கள் ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் சம்மதமில்லாத வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் உறுதி. சாப்பிடாமல் எழுந்துவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

என் தேன்மொழியின் அப்பா சாப்பிடாமல் எழுந்திருப்பது என்ற தீர்மானத்தோடுதான் எங்கள் வீடு பார்க்க வருவதாக இருந்தார். சொகுசுக் கப்பல்களில் வெகுகாலம் சமையல்காரராக இருந்துவிட்டு ராமநாதபுரத்தில் வீடு கட்டி உட்கார்ந்தவர். டிராக்டர் விற்றுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றும் நான் அவருக்கு மாப்பிள்ளையாகவே தெரியவில்லை. “அந்தப் பையன்ட்ட வாய் மட்டுந்தான் இருக்கு” என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். (வாய் இல்லாமல் டிராக்டர் எப்படி விற்பதாம்?)

தேன்மொழி போனில் அழுதாள். “அய்யா வருவாக, ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காம கெளம்பிருவாக. அதோட முடிஞ்சுச்சு. துபாய் மாப்பிள்ளை ஒண்ணு கைவசம் வச்சிருக்காக.”

“உங்க அய்யாவால வேணாம்னு சொல்லவே முடியாத பண்டம் ஒண்ணுகூடவா இல்ல?”

மூக்கை உறிஞ்சிக்கொண்டே யோசித்துச் சொன்னாள். கேவியர். கப்பலை விட்டு இறங்கிய நாளிலிருந்து அதைப் பற்றியே பேசுவாராம். வீட்டில் மீன் சினை வறுத்தால்கூட தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாராம்.

“அம்புட்டுத்தான? நான் வாங்கிட்டு வாரேன்” என்றேன். கேவியர் என்றால் என்ன என்று போனை வைத்த பிறகுதான் தேடிப் பார்த்தேன். ஸ்டர்ஜன் என்ற வெளிநாட்டு மீனின் கருப்புச் சினையாம், உப்புப் போட்டு டப்பாவில் அடைத்தது.

ஒரு வாரம் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். வார முடிவில், ரஷ்யாவில் பிறந்திருக்க வேண்டியவன் தப்பித் தவறி இங்கே வந்து பிறந்துவிட்டேன் என்று தோன்றும் அளவுக்குத் தேறிவிட்டேன். அந்தத் தெம்போடு சென்னையில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் ஒரு பெரிய கடைக்குள் நுழைந்தேன். குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தார்.

“எந்த மீனோட முட்டைங்க இது?”

“கேவியர் சார்.”

“அது தெரியுது. ஸ்டர்ஜனா, வேற மீனா? வேற மீன் முட்டைக்குக் கருப்புச் சாயம் ஏத்தி விக்கிறாங்களாமே?”

அவர் டப்பாவைத் திருப்பிக் காட்டினார். மீனின் பெயர், வளர்த்த நாடு, அடைத்த தேதி எல்லாம் இருந்தன. உள்ளே இருப்பது முட்டையும் உப்பும்தான், சாயம் என்ற பேச்சே இல்லை. உப்பும் குறைவு. (அதிக உப்பு போட்டிருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். கருவாட்டுக்கும் இதே சட்டம்தான்.) உறைந்துபோகாமல் நல்ல குளிர்ச்சியில் வைத்திருக்கிறார்களா என்று பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். அதுவும் சரிதான்.

“மூடியத் தொறங்க. செவுளத் தூக்கிப் பாக்காம நாங்க மீன் வாங்குறதில்ல.”

“தொறந்தா நீங்க வாங்கியே ஆகணும் சார்.”

கடைசியில், உள்ளே இருப்பது தெரியட்டும் என்று அதே கம்பெனியின் கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்துத் தந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முட்டைகள் உடையாமல், குழையாமல், தனித்தனியாகப் பளபளத்தன. அடியில் தண்ணீர் தேங்கவில்லை. “சார், நீங்க ஓட்டல் வச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். டப்பாவையே வாங்கிக்கொண்டேன். விலையை இங்கே எழுதப் போவதில்லை, என் அம்மா இதைப் படிக்கக்கூடும். கொசுறு கேட்டேன், தரவில்லை.

தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். கேவியரை உலோகக் கரண்டியால் தொடக்கூடாது, ருசி கெட்டுவிடும். அதற்காக ராமேஸ்வரம் போய்ச் சிப்பியில் செய்த கரண்டி ஒன்றும் வாங்கினேன். அதன் காம்பில் சிவப்புப் பெயிண்டில் ‘ராமேஸ்வரம் நினைவாக’ என்று எழுதியிருந்தது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தும் போகவில்லை.

டப்பாவைப் பிரிட்ஜில் வைத்துவிட்டு, “இதத் தொட்றாதீக. மாமா வந்து உக்காந்ததும் நாந்தான் தொறப்பேன்” என்று அம்மாவிடம் சொன்னேன். உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. பெரிய ராணுவ ரகசியம் பாருங்கள்! சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. அப்புறம் அவர்களை அழைத்து வர மெயின் ரோட்டுக்குப் போய்விட்டேன்.

மாமா உறவினர் இரண்டு பேரோடு காரில் வந்து இறங்கினார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். என் சித்தப்பாதான் உபசரித்தார்.

“தண்ணி குடிங்க.”

“வேணாம்.”

“காப்பி?”

“இப்பத்தான் குடிச்சேன்.”

“மோராச்சும்?”

“சளி புடிச்சிருக்கு.”

கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு எழுந்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

“மாமா, ஒரு நிமிசம். ஒங்களுக்குன்னு ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். கேவியர்.”

“என்னது?”

“ஸ்டர்ஜன் மாமா. உப்பு கம்மி.”

மறுபடி உட்கார்ந்தார். முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். ஜெயித்துவிட்டேன் என்றே முடிவு கட்டி அடுப்படிக்குப் போனேன். பிரிட்ஜில் டப்பா இல்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

“அம்மா, அந்த டப்பா எங்க?”

“ஏலே, அதுல அப்படி என்னதான் இருக்குன்னு தொறந்து பாத்தேன். சினைடா! அதுவும் கருகருன்னு கெட்டுப்போயிக் கெடக்கு. எவனோ ஒன் தலையில கட்டிட்டான். சம்பந்திக்கு அத அப்படியே வச்சா நம்ம மானம் என்னாகுறது? மஞ்சளும் கல்லுப்பும் போட்டு மூணு தண்ணி அலசுனேன், கருப்புப் போகல. அதான் கொழம்புல போட்டு, புளியக் கூடக் கரைச்சு ஊத்திட்டேன்.”

எங்கள் வீட்டில் மீன் சம்பந்தப்பட்ட எதுவும் மஞ்சளும் கல்லுப்பும் படாமல் அடுப்பேறாது. அது எனக்கும் தெரியும், பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். கேவியர் பற்றி உலகத்துச் செய்தியெல்லாம் படித்தவனுக்கு, அம்மா என்ன செய்வார் என்று யோசிக்கத் தோன்றவில்லை. தேன்மொழி போய்விட்டாள் என்று நினைத்தேன். அடுப்படி என்றும் பார்க்காமல் எனக்கு அழுகை வந்துவிட்டது.

“கழுவுனீகளா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். துக்கம் விசாரிக்கிற குரல். பொறுக்க முடியாமல் மாமா என் பின்னாலேயே வந்திருக்கிறார்.

“சுத்தமா!” என்றார் அம்மா பெருமையாக.

மாமா கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்த டப்பாவை எடுத்தார். எழுதியிருந்ததைப் படித்தார். அவர் முகம் மாறியது. “ஏலே, இது நெசமாவே நல்ல சரக்கு. யாரு சொல்லி வாங்குன?”

“நானே பாத்து வாங்குனது மாமா.”

டப்பாவின் விளிம்புக்கு உள்பக்கம் கொஞ்சம் கருமணிகள் ஒட்டியிருந்தன, அம்மாவின் கைக்குத் தப்பியவை. “கரண்டி” என்று கையை நீட்டினார். கொடுத்தேன். காம்பில் இருந்ததைப் படித்தார். மணிகளைச் சுரண்டி எடுத்து, இடது கையின் பின்புறம், கட்டைவிரலுக்குப் பக்கத்தில் வைத்தார். தெரிந்தவர்கள் அப்படித்தான் ருசி பார்ப்பார்களாம். நக்கினார். கண்களை மூடிக்கொண்டார்.

“சம்பந்தி கை நனைச்சுட்டாக!” அடுப்படி வாசலில் நின்ற சித்தப்பா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். “எலையப் போடுங்கடா!”

மாமா திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். “நான் ருசிதான பாத்தேன்? சாப்பாடு வேற, ருசி வேற.”

“சரி, நீங்களே சொல்லுங்க. முழுங்குனீகளா, துப்புனீகளா?” என்றார் சித்தப்பா.

மாமா என்னைப் பார்த்தார். கொதிக்கிற குழம்பைப் பார்த்தார். கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். ‘துப்பிட்டேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேன்மொழி இன்று துபாயில் இருந்திருப்பாள்.

“கேவியர எவனாச்சும் துப்புவானா?” என்றார் எரிச்சலாக.

இலை போட்டார்கள். குழம்புக்குள் விரலை விட்டுத் தேடிக்கொண்டே சாப்பிட்டார். எழுந்திருக்கும்போது அம்மாவிடம், “குழம்பு நல்லாருக்கு” என்று ஒப்புக்கொண்டார். “சினை மட்டும் நல்லதா இருந்திருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும்” என்று வருத்தப்பட்டார் அம்மா.

அடுத்த தையில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. இப்போது எங்கள் சொந்தத்தில் யாராவது மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்பினால் மாமாவிடம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அவரும் எல்லோருக்கும் ஒரே புத்திதான் சொல்லி அனுப்புகிறார்.

“போற வீட்டுல என்னத்தக் காட்டினாலும் அடுப்படிப் பக்கம் மட்டும் போயிறாதீக. போனா...” என்று நிறுத்தி, பக்கத்தில் நிற்கும் என்னைக் கைகாட்டுவார். “இந்தா, இவனாட்டம் ஒண்ணு வந்து சேந்துரும்.”