சின்னமலையில் நான் வைத்த ஊஞ்சல்

நான் அதிகம் பேச மாட்டேன். பேசினால்தான் வம்பு வரும் என்று நினைத்திருந்தேன். பேசாமல் இருந்தாலும் வரும். சின்னமலையில் தெரிந்துகொண்டேன்.

மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் எனக்கு வேலை. படிப்பு எட்டாவதோடு சரி. நாற்காலி போடுவேன், எடுப்பேன். ஊஞ்சல் கட்டுவது மட்டும் முழுக்க என் பொறுப்பு. அங்கே வருகிறவர்கள் பொண்ணையும் மாப்பிள்ளையையும் ஊஞ்சலில் உட்கார வைத்துப் பாடுவார்கள். ஊஞ்சல் ஆடி முடிந்தால் கொஞ்ச நேரத்தில் தாலி. ஒரு கல்யாணத்திலும் இது மாறிப் பார்த்ததில்லை. (சாப்பாட்டுப் பந்தி எப்போது என்பதையும் அதை வைத்துத்தான் கணக்குப் பண்ணுவேன்.)

ஸ்டெல்லா தி.நகரில் ஒரு புடவைக் கடையில் இருந்தாள். வீடு சைதாப்பேட்டையில். எப்படிப் பழக்கம் என்பதெல்லாம் வேண்டாம். பழக்கம்.

அவளுக்கு அப்பா இல்லை. அம்மா மேரியம்மா சொல்வதுதான் சட்டம். மேரியம்மா வேளச்சேரியில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். நிரந்தர வேலை, சொந்த பைக், அவர்கள் மதம். எனக்கு இந்த மூன்றும் இல்லை. ஸ்டெல்லா நாள்கணக்கில் அழுததில் ஒரு வழி பிறந்தது.

"சின்னமலைத் திருவிழாவுக்கு வரச் சொல்லு. மாதா முன்னாடி வெச்சி பாக்குறேன். புடிச்சா சரி. புடிக்கலன்னா நீ வாய மூடிக்கினு வேளச்சேரிக்காரன கட்டிக்கணும்."

இதுதான் ஒப்பந்தம்.

முந்தின நாள் ஸ்டெல்லா போனில் பாடம் எடுத்தாள்.

"தேங்கா எடுத்துனு வராத. கற்பூரம் வேணாம். நெத்தில பட்டை அடிக்காத. அம்மா இன்னா கேட்டாலும் மரியாதையா ஒரு வார்த்தைல பதில் சொல்லு."

"சரி."

"வாசல்ல தகடு விப்பாங்க. கை, காலு, வீடுன்னு இன்னா வேண்டிக்கிறமோ அந்த உருவம் இருக்கும். நமக்கு வேண்டியத நீயே பாத்து வாங்கி மாதா கிட்ட வை. அம்மா மனசு எளகிடும்."

"சரி."

"இன்னா சரி? புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

சின்னமலை ஏற ஒன்றும் பெரிய மலை இல்லை. பேருக்கு ஒரு குன்று. பக்கத்தில் அடையாறு. அந்தக் காலத்தில் ஏசுவின் சீடர் தோமையார் ஒளிந்திருந்த குகை மேலே இருக்கிறது. அன்று குகைக்குப் போகவே வரிசை, பாறை ஊற்றுத் தண்ணீர் பிடிக்க வரிசை, மெழுகுவத்திக்கு வரிசை. எதிலும் நிற்காமல் தகட்டுக் கடைக்குப் போனேன்.

வெள்ளி மாதிரி மின்னும் தகடுகள். கண் இருந்தது. காது இருந்தது. பேன்ட் போட்ட ஆண் ஒருவனும் சேலை கட்டிய பெண் ஒருத்தியும் ஒரே தகட்டில் நின்றார்கள். உடம்பு முழுக்க நோவு உள்ள புருஷன் பெண்டாட்டிக்காக இருக்கும் என்று தள்ளி வைத்தேன். (அதுதான் கல்யாணத் தகடு. பிறகு சொன்னார்கள்.)

அப்போதுதான் அதைப் பார்த்தேன். இரண்டு கால். மேலே ஒரு குறுக்குக் கட்டை. அதிலிருந்து சங்கிலியில் தொங்கும் பலகை. ஊஞ்சல். இவர்களிடமும் இருக்கிறதே என்று சந்தோஷமாக இருந்தது. பலகை நடுவில் ஏதோ மேடாக இருந்தது. அச்சு சரியாக விழவில்லை என்று நினைத்தேன்.

கடைக்காரம்மா கேட்டாள்.

"எத்தினி வருஷமா ஏங்கிகினு கீற நைனா?"

"ரெண்டு."

"ஐயோ பாவம். சின்னது தரவா, பெருசா?"

"பெருசு."

சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "கவலப்படாத. அடுத்த திருவிழாவுக்கு மூணு பேரா வருவ பாரு."

மூணாவது ஆள் மாமியார் என்று நினைத்துக்கொண்டேன். நல்ல வாக்காகப் பட்டது. தலையாட்டினேன். தகட்டின் மேல் பூமாலையைச் சுற்றி, மெழுகுவத்திகளோடு தட்டில் வைத்துக் கொடுத்தாள். தகடு தெரியவில்லை. பூதான் தெரிந்தது.

மேரியம்மா வந்தார். கூடவே ஸ்டெல்லாவும், மேரியம்மாவின் தம்பி அந்தோணியும். அந்தோணி மாமா ஆட்டோ ஓட்டுகிறவர். கை ஒவ்வொன்றும் என் தொடை அளவு. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பேரு?"

"ஏழுமல."

"ஏழுமலைய உட்டுட்டு சின்னமலைக்கு வந்துகிற."

"ஆமா."

அவர் சிரித்தார். அது சிரிக்க வேண்டிய இடம் என்று எனக்குத் தெரியவில்லை.

வரிசை நகர்ந்தது. மேரியம்மா கேட்டுக்கொண்டே வந்தார். குடிப்பியா? இல்லை. சிகரெட்டு? இல்லை. கடன்? இல்லை. என் மகளைப் பார்த்துக்கொள்வாயா? பார்த்துக்கொள்வேன்.

கொஞ்ச தூரம் போனதும் தம்பியிடம் சொன்னார். "செத்துப்போன உங்க மாமா மாதிரியே கீறான்டா. கத்தியக் காட்டினாலும் நாலு வார்த்தை பேச மாட்டாரு."

அது பாராட்டு. ஸ்டெல்லா பின்னாலிருந்து என் முதுகில் விரலால் குத்தினாள். வேளச்சேரி தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.

"எடுத்துனு வந்தியே, வை தம்பி," என்றார் மேரியம்மா. தம்பி என்று வேறு சொல்லிவிட்டார்.

மாதா சொரூபத்தின் முன்னால் முட்டி போட்டேன். மாலையை எடுத்தேன். தகட்டை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தேன். மண்டபத்தில் சீர்த்தட்டு எடுப்பார்களே, அப்படி. எல்லோருக்கும் தெரியட்டும் என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சம் காட்டிவிட்டுத்தான் வைத்தேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் நன்றாக மின்னியது.

பின்னால் ஜெபம் நின்றது. ஒரு அம்மா, "தொட்டில் வெச்சிருக்குது பாவம். கொழந்த இல்ல போல," என்றார். யாரையோ சொல்கிறார்கள் என்று இருந்தேன்.

திரும்பினேன். மேரியம்மா என்னைப் பார்க்கவில்லை. மகளின் வயிற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்.

"எத்தினி மாசம்?"

மண்டபத்தில் எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி அதுதான். இன்னும் எத்தனை மாதத்தில் தேதி கிடைக்கும் என்பார்கள். மேரியம்மா கல்யாணப் பேச்சுக்கே வந்துவிட்டார் என்று மனசு குளிர்ந்துவிட்டது.

"மூணு," என்றேன்.

கூட நாலு வார்த்தை சேர்த்திருக்கலாம்.

மேரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தோணி மாமா என் சட்டையைப் பிடித்துத் தூக்கி வெளியே கொண்டுவந்தார். வரிசையில் இருந்த சைதாப்பேட்டை பாதி, மேரியம்மாவையும் தாங்கிக்கொண்டு கூடவே வந்தது.

"அக்கா, நீ உம்னு ஒரு வார்த்த சொல்லு. இவன இப்பவே ஆத்துல தூக்கிப் போட்டுர்றேன்."

ஆற்றைப் பார்த்தேன். கோடைகாலம். முழங்காலுக்குத்தான் தண்ணீர், அதுவும் கறுப்பாக. போட்டால் முழுக மாட்டேன். நாறுவேன்.

ஸ்டெல்லா ஓடி வந்தாள். "யம்மா, நா ஒன்னும் மாசமா இல்ல. மாதா மேல ஆணையா இல்ல." பிறகு என்னிடம், "யோவ், இன்னாத்த கொண்டாந்து வெச்ச?"

"ஊஞ்சல்."

"எது?"

"ஊஞ்சல். கல்யாணத்துல கட்டுவமே."

"உள்ள கொழந்த படுத்துனு கீதே, கண்ணு தெரில?"

"அச்சு சரியா உழலன்னு நெனச்சேன்."

அந்தோணி மாமா சட்டையை விட்டார். என் சட்டையைக் கொஞ்சம் நீவியும் விட்டார். அவருடைய தோள் குலுங்கியது. கூட்டத்தில் யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு யார் சிரிக்கவில்லை என்றுதான் பார்க்க வேண்டியிருந்தது. மேரியம்மா சிரிக்கவில்லை.

தப்பைச் சரி செய்யலாம் என்று உள்ளே போய்த் தகட்டில் கை வைத்தேன். மேரியம்மா பின்னாலேயே வந்து கையில் ஒரு அடி போட்டார்.

"மாதாவுக்கு வெச்சத திருப்பி எடுப்பியா நீ?"

"வேற வெக்கிறேன்."

"வெச்சது வெச்சதுதான்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "என் பொண்ணுக்கு ஊர் முன்னாடி தொட்டில் வெச்சிட்ட. மூணு மாசம்னு வேற சொல்லிட்ட. இனிமே வேளச்சேரிக்காரன் எங்க வருவான்? டே அந்தோணி, நாளைக்கே சாமியாரப் போய்ப் பாரு."

பிறகு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "பொய் சொல்றவனுக்கு இந்த அளவுக்கு மூள மழுங்காது," என்றார். சம்மதத்தை அவர் அப்படித்தான் சொன்னார்.

சாமியார் (பாதிரியாரை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) சொன்னபடி ஆக வேண்டியதைச் செய்து கோயிலில் தாலி கட்டினேன். மூணு மாசத்தில். அன்று சாயங்காலம் வரவேற்பில் அந்தோணி மாமா எங்கிருந்தோ ஒரு ஊஞ்சலை ஆட்டோவில் கொண்டுவந்து என்னையே கட்டச் சொன்னார். மாப்பிள்ளை வேட்டியோடு ஏறி நின்று கட்டினேன். அதிலிருந்து அவர்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் ஊஞ்சல் உண்டு. கட்டுவது நான். வீட்டில் என் பெயரும் அதுதான். "ஊஞ்சலுக்கு இன்னும் ரெண்டு இட்லி வை," என்பார் அத்தை மேரியம்மா.

மகள் பிறந்தாள். நன்றி சொல்ல வருஷா வருஷம் சின்னமலைக்குப் போகிறோம். தகடு வாங்கும் வேலை எனக்குக் கிடையாது. தட்டைத் தூக்குவது மட்டும்தான். அதையும் உள்ளே போகும் முன்னால் அத்தை மாலையை விலக்கிப் பார்ப்பார்.

போன திருவிழாவில் வீட்டுக்காக வேண்டிக்கொள்ளப் போனோம். அத்தை கடையில் வீட்டுத் தகட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். இன்னும் பள்ளிக்கூடம் கூடப் போகாத என் மகள் கை நீட்டி ஒன்றை எடுத்தாள். இரண்டு கால், குறுக்குக் கட்டை, சங்கிலி.

"ஆயா, ஊஞ்சல்," என்றாள்.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அத்தை அதைப் பிடுங்கி இருந்த இடத்தில் வைத்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.