முள்ளம்பன்றிக்குப் போர்த்திய பொன்னாடை

ஒரு காட்டில் ஒரு யோகா சங்கம் இருந்தது. அதற்குச் செயலாளர் ஒரு கரடி. அந்தக் கரடி நான்தான். குனிந்தால் என் கால் விரல் எனக்குத் தெரியாது, தொப்பை மறைக்கும். ஆனால் மைக் கையில் கிடைத்தால் லேசில் விடமாட்டேன். செயலாளராக இருக்க அது போதும்.

ஓடைக்கரை மருத மரத்தடியில் காலை வகுப்பு நடக்கும். சொல்லிக்கொடுப்பவர் கொக்கு மாஸ்டர். முடிவில் எல்லாரும் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிச் சவாசனம் செய்வோம். சிறுத்தை உக்கிரபாண்டியும் மான் பூங்காவனமும் ஒரே வரிசையில் கிடப்பார்கள். பக்கத்துக் காட்டுக்காரர்கள் வந்து பார்த்து வாயைப் பிளப்பார்கள். "எல்லாம் யோகா மகிமைங்க" என்பேன். கொஞ்சம் விட்டு, "நிர்வாகமும் ஒரு காரணம்" என்று சேர்த்துக்கொள்வேன்.

சங்கத்தில் அமைதியை வளர்ப்பவருக்கு 'அமைதிச் செம்மல்' விருது கொடுக்கலாம் என்று நானே யோசனை சொன்னேன். யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கூட்டத்தில் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தபடி காத்திருந்தேன்.

பூங்காவனம்தான் காரியத்தைக் கெடுத்தாள். "மாரக்காளுக்குக் குடுங்கண்ணே. எனக்கும் உக்கிரபாண்டிக்கும் நடுவுல தினம் பாய் போட்டுப் படுக்கிறது அவதானே. அந்த தைரியத்துலதான் நான் கண்ணையே மூடுறேன்."

மாரக்காள் ஒரு முள்ளம்பன்றி. அவள் பக்கத்தில் யாரும் புரண்டு படுக்க முடியாது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், வயிற்றெரிச்சலோடு.

மாரக்காள் கூச்சப்பட்டாள். "மேடையெல்லாம் வேணாம் சார். நான் படுக்கிற எடத்துலயே ஒரு நல்ல வார்த்தை சொல்லிருங்க."

"மேடையேத்தாம, பொன்னாடை போத்தாம என்னம்மா கௌரவம்?" என்று அடக்கிவிட்டேன். விருதுதான் இல்லை, போர்த்துகிற போட்டோவாவது வரட்டுமே.

விழா அன்று பூங்காவனம் என் காதோரம் வந்தாள். "அண்ணே, அவ மேடைக்குப் போயிட்டா நடுவுல யாரு படுக்கிறது?"

"அமைதி விழா நடக்குது. இங்க வந்து சந்தேகப்படலாமா?" என்று அவளை வரிசைக்கு அனுப்பினேன். அவளும் போய்ப் படுத்தாள். செயலாளர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பியிருக்கிறாள், பாவம்.

முதலில் மாஸ்டருக்குப் பொன்னாடை. பிறகு எனக்கு. கடைசியில் மாரக்காளுக்குப் போர்த்தினேன். அது முள்ளில் மாட்டி, கூடாரம் அடித்ததுபோல் நின்றது. போட்டோவுக்காக அவளைக் கட்டியணைத்தேன். நெஞ்செல்லாம் முள். சிரித்தபடியே நின்றேன்.

"எல்லாரும் சவாசனத்தில் கண்மூடியபடி வாழ்த்துரையைக் கேட்கவும்" என்று அறிவித்து, நானும் கண்ணை மூடி உருகி உருகிப் பேசினேன். "இவர் நடுவில் படுத்திருப்பதால் அல்லவோ நாம் நிம்மதியாகக் கிடக்கிறோம்!"

அலறல் கேட்டது. கூட்டம் நெகிழ்ந்துவிட்டது என்று நினைத்து, அதே வரியைத் திரும்பவும் சொன்னேன்.

கண்ணைத் திறந்தால், பூங்காவனத்தின் தொடை உக்கிரபாண்டியின் வாயில் இருந்தது. மாரக்காள் பொன்னாடையோடு மேடையிலிருந்து குதித்தாள். முதுகைத் திருப்பி, பின்பக்கமாகவே பாய்ந்து அவன் மூக்கில் மோதினாள். அவன் வாயைத் திறந்தான். மான் பிழைத்தது.

"நான் என்ன பண்றது செயலாளரே, கண்ண மூடுனா வாசனை வருது" என்றான் உக்கிரபாண்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டு.

பூங்காவனம் எழுந்து என்னைப் பார்த்தாள். "விழாவ நல்லா நடத்துனீங்கண்ணே" என்றாள். மாரக்காளின் தோளில் சாய முடியாது. அதனால் அவள் பக்கத்தில் நொண்டி நொண்டி நடந்து, ஓடையைக் கடந்து போனாள். முயல், மயில், காட்டெருமை எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்கள்.

மிச்சமிருந்த நாங்கள் மூவரும் அவசரக் கூட்டம் போட்டோம். அமைதி விழாவில் உறுப்பினர் ஒருவரின் மூக்கைக் குத்தியதற்காக மாரக்காளைக் கண்டித்துத் தீர்மானம் போட்டோம். விருதையும் திரும்பப் பெற்றோம். அதை வேறு ஒருவருக்குக் கொடுத்தாக வேண்டும் அல்லவா? கொக்கு மாஸ்டர் பெருமூச்சு விட்டு என் பெயரை முன்மொழிந்தார். உக்கிரபாண்டி பொன்னாடை போர்த்தினான். போர்த்தும்போது என் கழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

இப்போது வரிசையில் நாங்கள் இரண்டு பேர்தான் படுக்கிறோம். அக்கரையில் பூங்காவனம் கண்ணை மூடிக் குறட்டை விடுவது கேட்கிறது. பொறாமையாக இருக்கிறது. அமைதிச் செம்மலான நான் கண்ணைத் திறந்துகொண்டேதான் சவாசனம் செய்கிறேன்.

நீதி: உங்கள் சங்கத்தில் அமைதி நிலவினால், அது யாரால் என்று தேடாதீர்கள். கண்டுபிடித்துவிட்டால் விழா எடுக்க வேண்டியிருக்கும்.