நாலு மணி மெட்டு

கணவரின் சட்டையைத் தோய்க்கப் போடுமுன் உதயகலா பையைத் தடவிப் பார்த்தாள். வழக்கமாக அதற்குள் பஸ் ரிக்கற் இருக்கும், இல்லாவிட்டால் ஒரு பேனை மூடி இருக்கும். அன்று சீனி போட்ட பணிஸ் சுற்றிய கடதாசி இருந்தது. அதுவும் ஒன்றல்ல, இரண்டு.

கேதீஸ்வரனுக்கு இரத்தத்தில் சீனி இருநூற்றுப் பத்து. ஓய்வு பெற்ற கையோடு வந்த வருத்தம். அன்றிலிருந்து அந்த வீட்டில் தேத்தண்ணி வெறுமனேதான் இறங்கியது. அப்படிப்பட்டவர் களவாகப் பணிஸ் தின்பது குற்றம்தான். ஆனால் உதயகலாவின் மனம் சீனியில் நிற்கவில்லை. ஒன்று அவருக்கு என்றால், மற்றது யாருக்கு?

கேட்டாள்.

"நாய்க்கு," என்றார் கேதீஸ்வரன்.

"எந்த நாய்க்கு?"

"ஒழுங்கையிலை நிக்கிற நாய்க்கு."

நாயைக் கண்டால் கல்லைத் தேடுகிற மனிதர் அவர். கேட்டால் பொய்தான் வரும் என்று தெரிந்தபின் கேட்பானேன்?

உரும்பிராயில் உதயகலா இருபத்தாறு வருடமாகச் சங்கீத ரீச்சர். அவள் முகம் சுளித்த பாட்டை அந்த ஒழுங்கை வீடுகளில் ஒருவரும் சத்தமாக வைக்க மாட்டார்கள். கோயில் திருவிழாவில் சினிமாப் பாட்டு நின்றது அவளால்தான். கச்சேரி எங்கே நடந்தாலும் முன்வரிசையில் அவள் இருப்பாள், பக்கத்தில் கேதீஸ்வரன் இருந்து தலையாட்டுவார். அவரை நல்ல ரசிகர் என்று ஊர் சொல்லும். அவளுக்கும் அதில் பெருமை.

இந்த ஒழுங்கான வாழ்க்கைக்குள் மூன்று மாதத்துக்கு முன் பாண் ஓட்டோ நுழைந்தது. டினேஸ் என்கிற மீசைக்காரர், மூன்று பிள்ளைகளின் தகப்பன், பின்னுக்குக் கண்ணாடிப் பெட்டி பூட்டிய ஓட்டோவில் பேக்கரிப் பாணும் பணிஸும் விற்கக் கொண்டுவருவார். மற்றப் பாண் ஓட்டோக்கள் எல்லாம் ஒரே மெட்டைப் போட, இவர் மட்டும் எங்கிருந்தோ பிடித்து வந்த, வேறெங்கும் கேட்டிராத ஒரு மெட்டைப் போட்டார். வகுப்புத் தொடங்குகிற அதே நாலு மணிக்கு அது வரும். உள்ளே பிள்ளைகள் சரளி வரிசை பாட, வெளியே அது வேறொரு சுருதியில் குறுக்கே ஓடும். தகரத்தைத் தட்டினாலும் இதைவிட இனிமையாக இருக்கும் என்று உதயகலா சொன்னாள். கேதீஸ்வரன் அதற்கும் தலையாட்டினார்.

கடதாசி அகப்பட்ட மறுநாள் அவர் சவரம் எடுத்துக்கொண்டே விசிலடித்தார். உதயகலா காதைத் தீட்டினாள். சாட்சாத் அந்தப் பாண் மெட்டுத்தான். கண்ணாடியில் அவளைக் கண்டதும் விசிலை இருமலாக மாற்றிவிட்டார்.

அதைக்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பாள். ஆனால் அன்று பின்னேரம் கிணற்றடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஜெசிதா அதே மெட்டை முணுமுணுத்தாள்.

ஜெசிதா பின்பக்க அறையில் ஆறு மாதமாக வாடகைக்கு இருப்பவள். பக்கத்துத் திருநெல்வேலியில் வங்கி வேலை. முப்பத்தைந்து வயதிருக்கும், கலியாணம் ஆகவில்லை. காலையில் போனால் ஐந்து மணிக்குத்தான் வருவாள். சனி, ஞாயிறு மன்னாருக்குத் தாயிடம் போய்விடுவாள். ஆக, நாலு மணிக்கு வருகிற ஓட்டோவை அவள் கண்டிருக்கவே முடியாது. அப்படியிருக்க மெட்டு மட்டும் எப்படி அவளிடம் போனது? வீட்டுக்குள் அதைத் தெரிந்த வாய் ஒன்றுதான் இருந்தது. அது காலையில் விசிலடித்த வாய்.

உதயகலா உடுப்பிட்டியில் இருக்கிற தங்கை கீர்த்திகாவுக்கு ரெலிபோன் எடுத்தாள். கீர்த்திகாவுக்கு எதையும் இரண்டு தரம் சொல்லத் தேவையில்லை. பாதியிலேயே பிடித்துவிட்டாள்.

"அக்கா, உது பாட்டில்லை. உது சிக்னல்."

அந்தச் சொல் உதயகலாவின் நெஞ்சுக்குள் போய் இருந்துவிட்டது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் இப்படியொரு யோசனை வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

முதலில் மெட்டை ஒழித்துக்கட்டப் பார்த்தாள். வகுப்புக்கு இடைஞ்சல் என்று டினேஸிடம் சொன்னாள். அவர் மன்னிப்புக் கேட்டு, இனி ஒழுங்கைக்குள் வரமாட்டேன், கோப்பாய் றோட்டுச் சந்தியிலேயே நிற்கிறேன் என்றார். உதயகலாவுக்கு நிம்மதி. அந்த நிம்மதி ஒரு நாள் இருந்தது. மறுநாள் மூன்றே முக்காலுக்குக் கேதீஸ்வரன் முகம் கழுவி, மினுக்கிய சட்டை போட்டு, சைக்கிளை எடுத்தார்.

"சும்மா ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வாறன்."

ஐந்து மணிக்குத் திரும்பி வந்தபோது முகத்தில் மாப்பிள்ளைக் களை. முன்பு வீட்டு வாசல் படலையடியில் நடந்தது, இப்போது கண்காணாத இடத்துக்குப் போய்விட்டதே என்று உதயகலா தன்னையே நொந்துகொண்டாள்.

அடுத்ததாக அவரைக் கட்டிப்போடப் பார்த்தாள். நாலு மணிக்கு வகுப்பில் இருந்து தாளம் போடச் சொன்னாள். மறுக்காமல் வந்து இருந்தார். நாலு மணியானதும் பெருமூச்சு விட்டார். பிறகு கை தொடையில் தானாகத் தட்டத் தொடங்கியது. ஆனால் அது ஆதிதாளமில்லை. பதினொரு பிள்ளைகளும் அந்தக் கையைப் பார்த்தே பாடினார்கள். கீதம் போகப்போகப் பாண் விற்கப் போய்விட்டது. வாசலில் காத்திருந்த தாய் ஒருத்தி, புதுசாகச் சொல்லிக்கொடுக்கிறீர்களா என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லி அனுப்புவதற்குள் சைக்கிள் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை கீர்த்திகா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். வகுப்புக்கு லீவு விட்டாகிவிட்டது. இரண்டு பேரும் கேதீஸ்வரனுக்குப் பின்னால் போனார்கள். அவர் மெதுவாக மிதிக்க, கீர்த்திகா காலை ஊன்றி ஊன்றி ஓட்டவேண்டியிருந்தது. வழியில் கண்ட தெரிந்த ஆட்களுக்கெல்லாம் உதயகலா மருந்துக்கடைக்குப் போவதாகச் சொன்னாள்.

சந்தியில் வேப்பமரத்துக்குக் கீழே ஓட்டோ நின்றது. கேதீஸ்வரன் சைக்கிளைச் சாத்திவிட்டு அதன் அருகில் போய் நின்றார். ஒரு பணிஸ் வாங்கினார். மெட்டு ஓடியது.

"பொறு அக்கா, ஆள் இனித்தான் வரும்," என்றாள் கீர்த்திகா.

அரை மணி நேரத்துக்கு மேல் மதிலோரம் நின்றார்கள். ஒருவரும் வரவில்லை. மெட்டு நின்றதும் கேதீஸ்வரன் இன்னொரு பணிஸ் கேட்டார், டினேஸ் திரும்பவும் மெட்டைப் போட்டார். கேதீஸ்வரன் அந்தப் பணிஸைப் பிய்த்து ஒரு செவலை நாய்க்குப் போட்டார். நாய் உண்மையாகவே இருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். தலை மெல்ல ஆடியது. முன்வரிசையில் பக்கத்திலிருந்து இருபத்தாறு வருடம் பார்த்த தலையாட்டல் இல்லை அது. இப்படி அவர் ஆடியதை உதயகலா ஒருநாளும் கண்டதில்லை.

அவளுக்குப் பொறுக்கவில்லை. நேரே போய் முன்னால் நின்றாள்.

"ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

கேதீஸ்வரன் கண்ணைத் திறந்தார். திடுக்கிட்டார். ஓடுவதற்கு இடமில்லை என்று தெரிந்ததும் ஒருவிதமாக நிமிர்ந்தார்.

"ஒருத்தரையும் இல்லை. பாட்டுக் கேக்கிறன்."

"உது ஒரு பாட்டே?"

"எனக்கு உது பாட்டு. உம்மடை கச்சேரியளிலை நான் தலையாட்டினது உமக்காக, கலா. உதுக்குத் தலை தன்ரைபாட்டிலை ஆடுது. நீர் ஏசினாலும் ஊர் சிரிச்சாலும் நான் நாளைக்கும் வருவன்."

டினேஸ் மரியாதைக்காக மறுபக்கம் திரும்பிக் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தார். உதயகலாவுக்குக் கண் கலங்கியது. ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு நொந்திருக்காது. சண்டை பிடித்திருக்கலாம், அழுதிருக்கலாம், கீர்த்திகா வீட்டுக்குப் போயிருக்கலாம். ஒரு தகரச் சத்தத்தோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சங்கீத ரீச்சரின் புருஷன், நல்ல காதுள்ளவர், இதைப் போய் ரசிப்பாரா? நடக்கிற கதையா? இவர் எதையோ மறைக்கப் பாட்டை முன்னுக்குத் தள்ளுகிறார்.

"அப்ப ஜெசிதாவுக்கு உந்த மெட்டு எப்பிடித் தெரியும்? நாலு மணிக்கு அவ வங்கியிலை. நீங்கள் சொல்லிக்குடுக்காமல் வேறை ஆர் சொல்லிக்குடுத்தது?"

கேதீஸ்வரனின் முகம் மலர்ந்துபோனது.

"அந்தப் பிள்ளைக்கும் தெரியுமே?"

அந்த மலர்ச்சியைப் பார்த்ததும் உதயகலாவுக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் போய் நிச்சயமாகிவிட்டது. இன்றைக்கே அறையைக் காலி செய்யச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகு இந்த மனிதரோடு ஒரே கூரையின் கீழ் இருப்பதா என்பதையும் யோசிக்கவேண்டும். கீர்த்திகா அதற்குள் ஸ்கூட்டியைத் திருப்பிவிட்டாள்.

அவர்கள் படலைக்கு வரவும் ஜெசிதா சாப்பாட்டுப் பையோடு பஸ்ஸால் இறங்கி வரவும் சரியாக இருந்தது. ரீச்சரின் முகத்தைக் கண்டதும் அவள் பயந்து போனாள். பின்னால் கேதீஸ்வரன் மூச்சு வாங்கச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கீர்த்திகா எஞ்சினை நிறுத்தாமலே காத்திருந்தாள்.

உதயகலா சுற்றி வளைக்கவில்லை. அந்த மெட்டை ஒரு வரி பாடியே காட்டினாள்.

"இந்தப் பாண் ஓட்டோ மெட்டை உமக்குச் சொல்லித்தந்தது ஆர்? உள்ளதைச் சொல்லும்."

ஜெசிதா மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"பாண் ஓட்டோவோ? எனக்கு ஓட்டோ ஒண்டும் தெரியாது ரீச்சர். காலமை காலமை நீங்கள் குசினியிலை அரிசி களையேக்கை பாடுறியளெல்லோ, சுவருக்கு இங்காலை கேட்டுக் கேட்டு எனக்குப் பாடமாப் போச்சு. நீங்கள் சொந்தமாப் போட்ட கீர்த்தனையாக்கும் எண்டு நினைச்சன்."