சகலை வருவதற்குள் எரிய வேண்டும்

“தொட்டுப் பாருங்க. பச்சத் தண்ணி,” என்றாள் தாட்சாயினி.

சுதர்சன் ஹால் சுவரிலிருந்த ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தான். பச்சைத் தண்ணீர் என்று அவள் சொன்னதே மரியாதைக்குத்தான். அக்டோபர் பிறந்தும் மெல்பர்னுக்குக் குளிர் விட்டபாடில்லை. அவள் இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் அவனுடைய ஜாக்கெட்டையும் மாட்டிக்கொண்டு நின்றாள்.

ஊருக்கு வெளியே, கிரான்பர்னைத் தாண்டி, அரை ஏக்கரில் வீடு. அந்த வீட்டுக்கு ஒரே சூடு, கொல்லையில் நிற்கும் விறகு பர்னஸ். தகரக் கொட்டகை போல ஒரு பெட்டி, தலையில் ஒரு புகைபோக்கி. உள்ளே விறகு எரியும், சுற்றியிருக்கும் தொட்டியில் தண்ணீர் சுடும், அந்தச் சுடுதண்ணீரை ஒரு பம்ப் அறை அறையாகக் கொண்டுபோகும். இதை நம்பி, வீட்டிலிருந்த கேஸ் ஹீட்டரைக் கழற்றி எறிந்தவன் சுதர்சன். கழற்றி எறிந்ததைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் போட்டவனும் அவனேதான்.

‘கல்யாண சமையல் காண்ட்ராக்ட் எடுக்கப் போறீங்களா சகலை?’ என்று அதற்குக் கீழே எழுதியவர் கௌரிசங்கர். தாட்சாயினியின் அக்கா புருஷன். சிட்னியில் பென்டில் ஹில்லில் இருக்கிறார். அந்த ஒரு வரிக்குக் குடும்பமே சிரித்துவைத்திருந்தது.

அந்தக் கௌரிசங்கர், நீண்ட வார விடுமுறைக்குக் குடும்பத்தோடு வெள்ளிக்கிழமை காரில் கிளம்புகிறார். சனிக்கிழமை வந்து இறங்குவார். இன்று வியாழன்.

“சனிக்கிழமை என் அக்கா பிள்ளைங்க இந்த வீட்டுல ஸ்வெட்டரோட தூங்கிச்சுன்னா, திங்கட்கிழமை உங்க தகர டப்பா பழைய இரும்புக்குப் போயிடும். சூடும் குடுக்கற ஏசி மாட்டறவர்கிட்ட பேசியாச்சு,” என்றாள் தாட்சாயினி.

“நேத்துவரைக்கும் எரிஞ்சுதுல்ல?”

“நேத்துவரைக்கும் எனக்கும் கால் விறைக்கலை.”

சுதர்சனுக்கு வயிறு எரிந்தது. நேற்று ஆயுத பூஜை. கார், மிக்ஸி, லேப்டாப், புல்வெட்டி என்று எல்லாவற்றுக்கும் செய்த மரியாதையைப் பர்னஸுக்கும் செய்திருந்தான். அதுவும் ஏனோதானோவென்று அல்ல. பூஜை என்றால் சட்டை போடக் கூடாது என்பது அவன் அப்பா போட்ட சட்டம். விடியற்காலை ஆறு டிகிரியில் வேட்டியோடு நின்று, மணியடித்து, கற்பூரம் காட்டி, கதவுக்கு மேலே பொட்டு வைக்கவென்றே செய்ததுபோல இருந்த குழியில் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, விழுந்தும் கும்பிட்டான். இத்தனையையும் வாங்கிக்கொண்டு மறுநாளே காலை வாருகிறதென்றால், அது மெஷினா, துரோகியா?

கொல்லைக்குப் போய் பர்னஸ் கதவைத் திறந்தான். நெருப்பு கொழுந்துவிட்டு எரிந்தது. மூடினான். ஐந்தாவது நிமிடம் புகைபோக்கியிலிருந்து கரும்புகை வந்தது. மறுபடி திறந்தான். எரிந்தது. மூடினான். புகைந்தது.

“திமிரு,” என்றான்.

“மேனுவலைப் பாருங்களேன்,” என்றாள் தாட்சாயினி, ஜன்னல் வழியாக.

“பதினெட்டு வருஷமா ஒரு ஆஸ்பத்திரியோட கம்ப்யூட்டர் மொத்தத்தையும் நான் பார்த்துக்கறேன். ஒரு விறகடுப்புக்கு மேனுவலா? விறகு ஈரம். அவ்வளவுதான்.”

விறகு போடுகிறவர் தேவராஜா. யாழ்ப்பாணத்துக்காரர், கப்பலில் எந்திரம் பார்த்து ஓய்ந்தவர். இப்போது ஒரு சின்ன லாரியில் தமிழர் வீடுகளுக்கு விறகு கொண்டுவந்து போடுகிறார். சுதர்சன் போனைப் போட்டான்.

“அங்கிள், என்ன விறகு குடுத்தீங்க? பூரா ஈரம்.”

“இல்லைத் தம்பி. அது போன வருசம் வெட்டிக் காயப்போட்ட விறகு. ஒண்டோட ஒண்டு தட்டிப் பாருங்கோ, கணீரெண்டு கேக்கும்.”

“இங்க புகைதான் வருது.”

“அப்ப உங்கட பர்னஸுக்குத்தான் ஏதோ வருத்தம். நான் வந்து பாக்கட்டோ?”

“ஈர விறகையும் குடுத்துட்டு வைத்தியமும் பார்க்க வர்றீங்களா? வேண்டாம் அங்கிள்.”

“சரி தம்பி. வைக்கிறன்,” என்றார் அவர்.

சுதர்சன் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ‘தேவராஜா அங்கிளிடம் விறகு வாங்குபவர்கள் கவனம்’ என்று ஊர்த் தமிழர் குரூப்பில் ஒரு பத்தி எழுதிப் போட்டான். பிறகு பெட்ரோல் பங்கில் பிளாஸ்டிக் பையில் விற்கும் விறகை வாங்கிவந்து போட்டான். அதுவும் அதே மாதிரி புகைந்தது. எழுதிப் போட்ட பத்தியை மட்டும் அவன் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை லீவு போட்டான். காலையில் குளித்து, கோபம் வேறு பக்தி வேறு என்று பர்னஸுக்குப் பூஜையை மறுபடியும் ஒரு குறையில்லாமல் செய்தான். பிறகு ஜாக்கெட், குல்லாய், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு ஏணியை எடுத்தான்.

“இப்ப எங்க ஏர்றீங்க?”

“புகைபோக்கியில கரி அடைச்சிருக்கு. அதான் விஷயம்.”

“அடைச்சிருந்தா புகை எப்படி வெளிய வருது?”

இந்த மாதிரிக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா? விளக்குமாற்றை ஒரு ஜன்னல் திரைக் கம்பியில் கட்டி, புகைபோக்கிக்குள் விட்டு நான்கு குத்துக் குத்தினான். நான்காவது குத்தில் ஒரு குளிர்காலத்துக் கரியும் பெயர்ந்தது. பெயர்ந்தது கீழே விழுந்திருந்தால் பிழைத்தான். அந்த நேரம் பார்த்துக் காற்றடித்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் பெவர்லி நான்கு வெள்ளைப் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டிருந்தாள். எழுபத்திரண்டு வயது, ஓய்வுபெற்ற நர்ஸ். அவள் வெளியே வந்து விரிப்புகளைப் பார்த்தாள். ஏணியில் நின்றவனைப் பார்த்தாள்.

“இரண்டு நாளா இந்தப் புகையால ஜன்னல் திறக்க முடியல. இப்ப இது வேறயா?” என்றாள் ஆங்கிலத்தில். “கவுன்சிலுக்குப் புகார் எழுதாம இருக்கணும்னு நானும் பார்க்கறேன்.”

சுதர்சன் ஏணியிலிருந்தே மூன்று தடவை சாரி சொன்னான். கீழே இறங்கியதும் பொங்கினான். “இவங்க வீட்டு பார்பிக்யூ நாத்தத்தை ஆறு வருஷமா நான் மூக்கைப் பொத்திக்கிட்டுப் பொறுத்தேன். ஒரு நாள் கவுன்சிலுக்குப் போனேனா? இந்தம்மாவுக்கு ஆரம்பத்திலேர்ந்தே என் பர்னஸைக் கண்டா ஆகாது.”

“விரிப்பை வாங்கிட்டு வாங்க, நம்ம மெஷின்ல போட்டுத் தரலாம்,” என்றாள் தாட்சாயினி.

“வெந்நீர் வரட்டும், போடலாம்,” என்றான் அவன்.

சாயங்காலம் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. கதவு திறந்திருந்தால்தானே எரிகிறது? சரி, திறந்தே இருக்கட்டும். ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துக் கதவை நாலு விரல் திறந்துவைத்தான். அரை மணியில் ரேடியேட்டர் சூடானது. தாட்சாயினி ஒரு ஸ்வெட்டரைக் கழற்றினாள். சுதர்சன் ஹாலிலிருந்த வெப்பமானியைப் படமெடுத்து, ‘சகலை, சட்டை மட்டும் எடுத்து வந்தால் போதும்’ என்று குடும்ப குரூப்பில் போட்டான்.

சற்று நேரத்தில் வீடெல்லாம் கமகமவென்று மணந்தது.

“என்ன தாளிக்கறே?”

“நான் ஒண்ணும் தாளிக்கலையே.”

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினார்கள். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று தாட்சாயினி பர்னஸுக்குப் பக்கத்தில் தொட்டியோடு வைத்திருந்த கறிவேப்பிலைச் செடி. மெல்பர்னில் ஏழு குளிர்காலம் தாண்டிய செடி. திறந்த கதவிலிருந்து பொறி தெறித்து, நுனிமுதல் அடிவரை கருகி நின்றது.

“ஏழு வருஷம்,” என்றாள் தாட்சாயினி. ஒரு இலையைத் தொட்டாள். அது உதிர்ந்தது. “ஒரு கொத்து வேணும்னா ஸ்பிரிங்வேல் கடைக்குப் போகாம, இதுலதான் பறிச்சேன்.”

“வேற வாங்கிடலாம்.”

“திங்கட்கிழமை காலையில ஏசிக்காரர் வர்றார். நிச்சயம் பண்ணியாச்சு.”

சனிக்கிழமை விடிந்தது. மூன்றாவது முறையாகப் பூஜை. இந்தத் தடவை சந்தனத்தில் கஞ்சம் பார்க்கவில்லை. “இன்னிக்கு ஒரு நாள் என் மானத்தைக் காப்பாத்து. அப்புறம் நீ என்ன வேணா பண்ணு,” என்று கேட்டும் பார்த்தான். பதிலுக்குப் புகை வந்தது.

பதினோரு மணிக்கு வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. தேவராஜா இறங்கினார்.

“தம்பி, குரூப்பில நீங்கள் எழுதினதை வாசிச்சனான். மூண்டு வீட்டுக்காரர் விறகு வேண்டாமெண்டு சொல்லிப் போட்டினம். என்ர விறகிலை பிழையோ, உங்கட பர்னஸிலை பிழையோ எண்டு பாத்துப்போட்டுப் போறன்.”

சுதர்சன் பதில் சொல்வதற்குள் பின்னாலேயே இன்னொரு கார் வந்து நின்றது. வழியில் ஆல்பரியில் இரவு தங்கிவிட்டு, சொன்னதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார் கௌரிசங்கர். உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கையைத் தேய்த்தபடி கொல்லைக்கு வந்தார்.

“என்ன சகலை, வீட்டுக்குள்ள இருக்கறதுக்கு வெளிய தேவலாம் போல.”

சுதர்சனுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அங்கேயாவது சூடாக இருக்கும்.

தேவராஜா பர்னஸைச் சுற்றிவந்தார். கதவைத் திறந்தார், மூடினார். பிறகு கதவுக்கு மேலே குனிந்து பார்த்து, சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்துக் குத்தினார். எதுவோ பொலபொலவென்று உதிர்ந்தது. கடைசியில் ஒரு பழுப்புக் கட்டி கழன்று அவர் கையில் விழுந்தது. அவ்வளவுதான், உள்ளே நெருப்பு ஹோவென்று சத்தம் போட்டுப் பிடித்துக்கொண்டது. புகை நின்றது.

“பாத்தீங்களோ? இந்த ஓட்டையாலதான் நெருப்புக்குக் காத்துப் போறது,” என்றார். “இதை ஆரோ அடைச்சிருக்கினம்.”

“அடைச்சா?”

“ஓம். களிமண் மாதிரி என்னவோ. ஒருக்கா இல்லை, மேல மேல அடைச்சிருக்கு. சூட்டிலை வெந்து கல்லாப் போச்சுது.”

சுதர்சன் அந்தக் கட்டியை வாங்கிப் பார்த்தான். கருகிப்போய், புகைநாற்றம் அடித்தது. அவனுக்கு வந்ததே கோபம். மூன்று நாள் குளிர், கருகிய கறிவேப்பிலை, சகலை முன்னால் பட்ட அவமானம், எல்லாவற்றுக்கும் காரணமான ஒரு ஆசாமி இருக்கிறான்.

“பார்த்தியா தாட்சா? நான் என்னமோ பராமரிக்கத் தெரியாதவன் மாதிரி பேசினியே. எவனோ வேணும்னே வந்து அடைச்சுட்டுப் போயிருக்கான்.”

“இது விளையாட்டில்ல சகலை,” என்றார் கௌரிசங்கர். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சுதர்சன் பக்கம் நின்றார். “போலீஸ்ல சொல்லிடுவோம். ஆள் கிடைச்சா விடக் கூடாது.”

“விடுவேனா? அவனை நாலு பேர் முன்னால நிறுத்தி, நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேட்கலைன்னா என் பேர் சுதர்சன் இல்ல.”

சொல்லிக்கொண்டே வேலிப்பக்கம் திரும்பினான். சத்தம் கேட்டு பெவர்லி ஏற்கனவே அங்கே வந்து நின்றிருந்தாள்.

“பெவர்லி, என் பர்னஸை யாரோ அடைச்சு நாசம் பண்ணியிருக்காங்க,” என்றான், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி. “உங்களுக்கு அதைப் பத்தி ஏதாவது தெரியுமா?”

பெவர்லி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

“தெரியுமே. இந்த வாரத்துல மூணு தடவை பார்த்தேன், விடியற்காலையில. இந்தக் குளிர்ல சட்டைகூடப் போடாம, இடுப்புல ஒரு வெள்ளைத் துணியோட ஒருத்தர் மணியடிச்சுக்கிட்டு வந்தார், அந்த ஓட்டையில விரலால எதையோ அப்பினார். சர்வீஸ் கம்பெனி ஆளா இருக்கும்னு நானும் சும்மா இருந்துட்டேன், ஏன்னா வேலை முடிஞ்சதும் நேரா உங்க வீட்டுப் பின்கதவைத் திறந்து உள்ள போயிட்டார்.”